கையெழுத்து வைத்த பிறகு

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை நேரம். நான் தையல் இயந்திரத்தில் இருந்தேன். மகன் ஒரு படிவத்தைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான். "அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வேணும்" என்றான். பாடசாலையின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட றக்பி அணியில் விளையாடுவதற்குப் பெற்றோரின் சம்மதம் கேட்ட படிவம் அது. விளையாட்டின்போது காயங்கள் ஏற்படலாம் என்பதை அறிவேன் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை. படிவத்தை மடித்து நூற்கட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

நாங்கள் கடுகண்ணாவைக்கு வந்தது 2010இல். முகாமிலிருந்து வெளியே வந்தபோது எங்களுக்குப் போக இடமிருக்கவில்லை. பெரியம்மாவின் கணவர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வா" என்று பெரியம்மா சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஒரு பையோடும் நாலு வயது மகனோடும் வந்து இறங்கினேன். மலை ஏறி வரும் ரயிலின் சத்தம் கேட்டால் முதல் சில மாதங்கள் மகனைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போவேன். பெரியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். ரயில் போனதும் தேநீர் ஊற்றித் தருவார்.

என் கணவர் 2009 மாசி மாதம் புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இறந்தார். பங்கருக்குள் இறங்க நேரமிருக்கவில்லை. எங்கள் இருவரையும் நிலத்தில் தள்ளி மேலே விழுந்து மூடினார். சத்தம் ஓய்ந்த பிறகும் அவர் எழும்பவில்லை. அந்தப் பாரம் இன்றைக்கும் என் முதுகில் இருக்கிறது.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், றக்பி விளையாட்டை நான் முதன்முதலாகப் பார்த்தபோது கண்டது அதைத்தான். மகன் சிறிய வகுப்பில் இருந்தபோது ஒருநாள் பயிற்சி முடிய முன்னரே அவனைக் கூட்டிவரப் போனேன். பந்தை வைத்திருந்த பையனை ஒருவன் விழுத்தினான். அடுத்த கணம் அவன் மேல் ஆறேழு பேர். கீழே கிடந்தவனின் ஒரு கால் மாத்திரம் தெரிந்தது. நான் திரும்பி வாசலுக்கு வந்து மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

படிவம் பெட்டிக்குள் ஒரு கிழமை கிடந்தது. மகன் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் சாப்பாட்டை வைத்தபடியே எழும்பிப் போனான். அது எனக்குச் சண்டையை விடக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் அயலில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். கால்சட்டை ஒன்றைக் குறுக்கித் தைக்கக் கொண்டு வந்தவரிடம் என் கவலையைச் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து ஒரு வரலாறே சொன்னார்.

கண்டியில் றக்பி நேற்று வந்த விளையாட்டு அல்ல. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் அவர்கள்தான் இதைப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். இலங்கையில் பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது போட்டி 1906இல் கிங்ஸ்வூட்டுக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையில் நடந்தது. 1945 முதல் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக விளையாடி வருகின்றன. கண்டியில் ஓர் ஆட்டம், கொழும்பில் ஓர் ஆட்டம். இரண்டிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று முடிவாகும். கிங்ஸ்வூட்டில் படித்த ஃபாசில் மரிஜா இலங்கை அணிக்கே தலைவராக இருந்தவர்.

"அது சரி மாஸ்டர், பிள்ளைக்கு ஏதும் நடந்தால்?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் அமெரிக்கக் கதையொன்றைச் சொன்னார். அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாடும் அமெரிக்கக் காற்பந்தாட்டமும் றக்பியிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான். 1905ஆம் ஆண்டுப் பருவகாலத்தில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அந்த விளையாட்டில் அடிபட்டு இறந்தார்கள். விளையாட்டையே தடைசெய்ய வேண்டும் என்று பலர் கேட்டார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவருடைய மகனும் அதே ஆண்டில் ஹார்வர்ட் அணியில் விளையாடி மூக்குடைந்தவன். 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னால் எறியலாம் என்று வந்தது. எல்லோரும் ஓரிடத்தில் குவிந்து மோதுவது குறைய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். இங்கே கண்டியில் முதல் போட்டி நடந்த அதே ஆண்டுதான் அதுவும்.

"பயப்பட்ட ஆக்கள் கேள்வி கேட்டதாலைதான் பிள்ளை, விதி மாறினது" என்றார் மாஸ்டர். "நீங்கள் பயப்பிடுங்கோ. ஆனால் பெட்டிக்குள்ளை பூட்டாமல், போய்க் கேளுங்கோ."

அடுத்த நாள் பாடசாலைக்குப் போய்ப் பயிற்றுநரைச் சந்தித்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் கேட்டேன். விழுத்தும்போது தோளுக்கு மேலே பிடிக்கக் கூடாது என்றார். விழுத்தப்பட்டவன் பந்தை உடனே விட்டுவிட வேண்டும், விழுத்தியவனும் அவனை விட்டுவிட வேண்டும் என்றார். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே அந்தப் பிள்ளை அன்றைக்குத் திரும்ப விளையாடக் கூடாது என்றார். அன்று இரவு கையெழுத்து வைத்தேன். கை நடுங்கியது உண்மை.

பருவகாலம் தொடங்கியது. பயிற்சி முடிந்து பேராதனை, பிலிமத்தலாவை என்று பஸ் நின்று நின்று வந்து, மகன் வீட்டுக்கு வர இருட்டிவிடும். கிழிந்த ஜேர்சிகளை அவன் கொண்டு வருவான். முதலில் அவனுடையது மட்டும். பிறகு நண்பர்களுடையதும் வந்தது. கழுத்துப் பக்கம் கிழிந்திருந்தால், "இது ஆர் பிடிச்சது? கழுத்திலை பிடிக்கக் கூடாதெல்லோ?" என்று கேட்பேன். "அம்மா, நீங்கள் மத்தியஸ்தராகவே வரலாம்" என்று சிரிப்பான்.

முதல் போட்டியில் தோற்றார்கள். இரண்டாவதிலும் தோற்றார்கள். இரண்டுக்கும் நான் போகவில்லை. மூன்றாவதற்குப் போனேன். பப்பரே வாத்தியமும் பட்டாசும் சேர்ந்த சத்தத்தில் நெஞ்சு அடைத்தது. பக்கத்தில் இருந்த சிங்களத் தாய் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதியைத் தந்தார். "நங்கி, விழுந்தவுடன் பார்க்காதே. பத்து எண்ணிவிட்டுப் பார்" என்று சிங்களத்தில் சொன்னார். அவருடைய கணவர் எங்கே என்று நான் கேட்கவில்லை. என்னிடம் அவரும் கேட்கவில்லை. பிள்ளைகள் விழும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினோம். அவரிடமிருந்து ஐந்து புள்ளிக்கு 'ட்ரை' என்றும், பிறகு கம்பங்களுக்கு நடுவே அடித்தால் மேலும் இரண்டு என்றும் படித்துக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் பிள்ளைகள் வென்றார்கள்.

அடுத்த போட்டி வெளியூரில் நடந்தது. அன்று இரவு மகன் சரியாகச் சாப்பிடவில்லை. வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசியது. இரண்டு தரம் வாந்தி எடுத்தான். கேட்டதற்கு, "ஒருத்தன்ரை முழங்கால் தலையிலை பட்டது, ஒண்டுமில்லை அம்மா, கோச்சுக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்றான். அணியில் இடம் போய்விடும் என்ற பயத்தில் மைதானத்தில் ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்திருக்கிறான்.

அந்த நேரமே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். மூளை அதிர்வு என்றார்கள். ஓய்வு கொடுக்க வேண்டும், வைத்தியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான், அதுவும் படிப்படியாக, விளையாடலாம் என்றார்கள். விடிந்ததும் பயிற்றுநருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். மகன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

அந்த நாட்களில் தடித்த பஞ்சு வைத்து அவனுக்கு ஒரு தொப்பி தைத்தேன். பயிற்றுநரிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவர் அதை மரியாதையாகக் கையில் வாங்கிப் பார்த்தார். "அம்மா, தொப்பி தோல் கிழியாமல் காக்கும். உள்ளே மூளை அதிர்வதைத் தடுக்காது. பிள்ளை வலியை மறைக்காமல் சொல்வதுதான் பெரிய பாதுகாப்பு" என்றார். பிறகு அணியின் பிள்ளைகள் எல்லோரையும் கூப்பிட்டு அதையே சொன்னார். தலையிடி, மயக்கம், வாந்தி, குழப்பம் எது வந்தாலும் சொல்ல வேண்டும், சொன்னவனை ஒருவரும் கோழை என்று சொல்லக் கூடாது என்றார்.

மூன்று போட்டிகளை மகன் வெளியே இருந்து பார்த்தான். தண்ணீர்ப் போத்தல் தூக்கினான். அதில் ஒன்றில் வென்றார்கள், இரண்டில் தோற்றார்கள். வைத்தியர் சரி சொன்ன பிறகு கடைசிப் போட்டிக்கு இறங்கினான்.

அன்றைக்கு மழை. மைதானம் சேறு. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது மகன் பந்தோடு விழுந்தான். அவன் மேல் குவிந்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. எண்ணவும் மறந்துவிட்டேன். அவன் கை பந்தை விட்டது தெரிந்தது. விசில் ஊதியது. மேலே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். கடைசியில் எதிரணிப் பிள்ளை ஒருவன் கையை நீட்ட, அதைப் பிடித்து என் பிள்ளையும் எழும்பினான். மேலே விழுந்தவர்களும் எழும்பினார்கள், கீழே கிடந்தவனும் எழும்பினான். அவ்வளவுதான். நான் விக்கி விக்கி அழுதேன். மூன்று புள்ளியால் தோற்றதற்காக அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்தப் பருவத்தில் அவர்கள் வென்றது இரண்டே போட்டிகள். கேடயம் எதுவும் வரவில்லை. மகன் இப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை பழகுகிறான். ஜேர்சியை நான் கழுவி, மடித்து, அவனுடைய தகப்பனின் படத்துக்குக் கீழே உள்ள பெட்டியில் வைத்திருக்கிறேன்.

சகோதரிகளே, எங்களைப் போன்றவர்களிடம் இரண்டு பயம் இருக்கிறது. ஒன்று அன்றைக்கு நடந்ததைப் பற்றியது. அது பிள்ளையை வீட்டுக்குள் பூட்டச் சொல்லும். மற்றது இன்றைக்கு இருக்கிற பிள்ளையைப் பற்றியது. அது பயிற்றுநரிடம் போய்க் கேட்கச் சொல்லும், வாந்தி எடுத்தால் இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லும். இரண்டும் ஒரே மாதிரித்தான் நெஞ்சில் இடிக்கும். எது எது என்று பிரித்தறிய எனக்குப் பதினான்கு வருடமும் ஒரு றக்பிப் பருவகாலமும் தேவைப்பட்டன. முதலாவது பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ரயில் வரும்போது இப்போதும் ஒரு கணம் கை நின்றுவிடும். பிறகு தையலைத் தொடர்வேன்.