மாரியில் வரும் எண்ணெய்க் கோச்சி

கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான எமது கரையோரத்தில் தண்டவாளம் கிடையாது. கிழக்கின் புகையிரதப் பாதை மட்டக்களப்பு நகரத்தோடு முடிந்துவிடுகிறது. அதனால் சாகாமம், திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று பக்கத்துப் பெண்களில் பலர் பேரப்பிள்ளை கண்ட பிறகும் கோச்சியைக் கண்ணால் கண்டதில்லை. கொழும்புக்குப் போனாலும் பஸ்ஸில்தான். மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய் வந்தவர்கள்கூட விமானத்தில் ஏறியிருக்கிறார்கள், கோச்சியில் ஏறவில்லை.

சாகாமத்திலும் அக்கரைப்பற்றிலும் உள்ள எமது சிறு சேமிப்புக் குழுப் பெண்கள் 2024 டிசம்பரில் எங்காவது ஒருநாள் போய்வர விரும்பினார்கள். கோயில், பள்ளி, கடற்கரை என்று பல இடங்கள் பேசப்பட்டன. கடைசியில் ஒரு அக்கா, “கோச்சி பார்க்கப் போவம் மிஸ். ஆக்கள் போற கோச்சி இல்ல, சாமான் கோச்சி. நீளமா வருமாமே, அதப் பார்க்கணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அதுவே முடிவாயிற்று. தமிழ்ப் பெண்கள் ஐவர், முஸ்லிம் பெண்கள் நால்வர், என்னோடு பத்துப்பேர். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் போரிலோ அதன் பின்னரோ கணவரை இழந்தவர்கள், அல்லது காணாமற் போனவருக்காக இன்னும் காத்திருப்பவர்கள்.

வேலையில்லாத ஒரு பயணத்துக்காக இப்பெண்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுவது எளிதல்ல. வைத்தியசாலைக்குப் போகலாம், கச்சேரிக்குப் போகலாம், விசாரணைக்கும் போகலாம். அவற்றுக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. சும்மா ஒன்றைப் பார்த்துவிட்டு வரப் போனால் மட்டும் ஊர் கேட்கிறது. “புரிசன் இல்லாதவளுக்கு என்ன ஊர் சுத்தல்?” என்ற பேச்சைக் கேட்காத பெண் எமது குழுவில் இல்லை.

பாதை நெடுக மாரி

அதிகாலையில் சாகாமத்தை விட்டோம். மாரியில் சாகாமக் குளம் நிறைந்து கிடக்கும். பெரும்போக வயல்கள் முழங்காலளவு பச்சையாய் நிற்கும். அக்கரைப்பற்றில் ராத்தாமார் ஏறிக்கொண்டார்கள். அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று பஸ் போயிற்று. ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாறிமாறி வரும் இந்த வீதியில் பயமில்லாமல் போக முடியாத வருடங்கள் இருந்தன. 1990 என்று சொன்னாலே இரு பக்கத்திலும் பேச்சு நின்றுவிடும். அன்று அதைப்பற்றி யாரும் பேசவில்லை. ராத்தா ஒருவர் கொண்டுவந்த தொதலைத்தான் எல்லோரும் பகிர்ந்து தின்றோம்.

கல்லடிப் பாலம் தாண்டி மட்டக்களப்பு நிலையத்தில் பயணிகள் புகையிரதம் எடுத்து, ஏறாவூர், தேவபுரம், கல்குடா வழியாக வாழைச்சேனையில் இறங்கினோம். முதன்முறையாகக் கோச்சியில் ஏறிய ஆறுபேர் யன்னலை விட்டு அசையவில்லை.

வாழைச்சேனையைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. அங்குள்ள ஓட்டமாவடிப் பழைய பாலம் 1924இல் கட்டப்பட்டது. வாகனமும் கோச்சியும் ஒரே பாலத்தில் போன காலம் நீண்டது. கோச்சி வரும்போது வீதியை மூடிவிடுவார்கள். 2010இல் வாகனங்களுக்குப் புதிய பாலம் திறக்கப்பட்டது. இப்போது புதிய பாலத்தின் நடைபாதையில் நின்றால் பழைய இரும்புப் பாலத்தில் போகும் கோச்சியை ஆபத்தில்லாமல் பார்க்கலாம்.

சாமான் கோச்சிக்கு மக்கள் பார்க்கும் நேர அட்டவணை கிடையாது. வரும்போது வரும். ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வரும் பயணிகள் வண்டிக்கு வழிவிட்டு நிலையத்தில் காத்தும் கிடக்கும். நாங்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றோம். தூறல் விட்டு விட்டுப் பெய்தது. ஒரு குடைக்குள் மூன்றுபேர். காத்திருப்பதில் அனுபவம் உள்ளவர்கள் என்பதால் யாரும் சலிக்கவில்லை. “இது வரும் எண்டு தெரிஞ்ச காத்திருப்புத்தானே” என்று ஒருவர் சொன்னார். அவருடைய மகனைப்பற்றி 2009இலிருந்து எந்தத் தகவலும் இல்லை.

முதலில் பாலத்தின் இரும்பு முனகியது. பிறகு நிலம் அதிர்வது காலில் தெரிந்தது. மாரிக்காற்றில் ஈரம் இருப்பதால் எஞ்சினின் உறுமல் கனமாகக் கேட்டது. அதற்குப் பின்னால் உருண்டைத் தாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எண்ணெய்க் கோச்சி! வாயால் எண்ணத் தொடங்கியவர்கள் இடையில் விட்டுவிட்டார்கள். மெதுவாகத்தான் போயிற்று. கடைசிப் பெட்டியும் போன பிறகு ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அதன்பின் ஒரு ராத்தா, “இவ்வளவு பாரத்தையும் ஒண்டே இழுக்குதே!” என்றார்.

எப்படி இழுக்கிறது?

அந்தக் கேள்வி நியாயமானது. டீசல் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. அது உள்ளே இருக்கும் மின்பிறப்பாக்கியைச் சுற்றுகிறது. அதில் வரும் மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள மோட்டர்களுக்குப் போய், மோட்டர்கள் சக்கரத்தைச் சுற்றுகின்றன. கரண்ட் இல்லாத நேரம் ஜெனரேற்றர் போட்டுத் தண்ணீர் மோட்டரை ஓட்டுவது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே ஜெனரேற்றரும் மோட்டரும் சேர்ந்தே ஓடுகின்றன.

மழையில் இன்னொரு வேலையும் நடக்கிறது. இரும்புச் சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் வழுக்கும். பாரம் கூடிய சாமான் கோச்சி புறப்படும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலப் பார்க்கும். அதற்காக எஞ்சினில் மணற்பெட்டி வைத்திருக்கிறார்கள். சாரதி சக்கரத்துக்கு முன்னால் தண்டவாளத்தில் கொஞ்சம் காய்ந்த மணலை விழச் செய்வார். அதை அரைத்துக்கொண்டு சக்கரம் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய இயந்திரத்துக்கும் வழுக்காமல் இருக்க ஒரு கைப்பிடி மணல் தேவைப்படுவதை எண்ணி எமது பெண்கள் மிகவும் வியந்தார்கள்.

கமராவும் பயமும்

நான்கு பெண்களிடம் கமரா உள்ள கைத்தொலைபேசி இருந்தது. மூன்றுபேர் வீடியோ எடுத்தார்கள். நாலாமவர் கையை உயர்த்திவிட்டுக் கீழே போட்டார். “எடுக்கலாமா மிஸ்? ஆமி ஒண்டும் கேக்காதா?” என்று கேட்டார். போர்க்காலத்தில் பாலத்துக்குப் பக்கத்தில் கமராவோடு நிற்பது என்ன விளைவைத் தரும் என்பது அவருக்குத் தெரியும். பாலம், பாதை, சோதனைச் சாவடி எதையும் உற்றுப் பார்க்காதே, தலையைக் குனிந்து நட என்றுதான் நாம் வளர்க்கப்பட்டோம். கோச்சியும் எமக்கு அப்படியொரு பொருளாகவே இருந்தது. வடக்கில் 1990இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. 2014 ஒக்டோபர் 13ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்பி வந்தது. கிழக்குப் பாதையிலும் சேவைகள் பலமுறை தடைப்பட்டன.

அந்தத் தங்கச்சி பிறகு எடுத்தார். படம் நடுங்கியிருந்தது. பாதி வானம், பாதி பாலம். ஆனால் சத்தம் முழுவதும் பதிந்திருந்தது. திரும்பி வரும் வழியில் அதைப் பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருப்பார்.

இங்கிலாந்திலும் இந்தியாவிலும் கனடாவிலும் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பனி கொட்டும் மாதங்களில் கமராவோடு பாதையோரம் மணிக்கணக்காக நின்று சாமான் கோச்சிகளைப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். எஞ்சின் இலக்கங்களைக் கொப்பியில் குறித்து வைப்பார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கனடாவில் இரண்டு, மூன்று கிலோமீற்றர் நீளமான சாமான் கோச்சிகள் ஓடுகின்றன. அங்குள்ள எமது உறவினர்கள் கடவையில் காரை நிறுத்திக் காத்திருப்பதைக் கதையாகச் சொல்வார்கள். கடுங்குளிரில் அங்கு எஞ்சினை நிறுத்திவைக்கத் தயங்குவார்கள். குளிரூட்டும் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் வெடித்துவிடும் என்பதால் இரவிரவாக ஓடவிட்டே வைத்திருப்பதுண்டு.

கனடாவிலிருந்து வந்த எஞ்சின்

அந்தப் பனி நாட்டு எஞ்சின்கள் எமது நாட்டிலும் உண்டு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இலிருந்து கனடா இலங்கைக்கு டீசல் எஞ்சின்களை அன்பளிப்பாகத் தந்தது. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்ற பெயர்ப்பலகைகளோடு அவை எமது வெயிலில் ஓடின. பின்னர் ஜேர்மனி, பிரித்தானியா, பிரான்ஸ், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்தும் எஞ்சின்கள் வந்தன.

அந்தக் கனடிய எஞ்சின்களில் 591ஆம் இலக்கத்துக்கு மனிற்றோபா என்று பெயர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரேலியவில் ஆழிப்பேரலை அடித்த கோச்சியை இழுத்துச் சென்றது அதுதான். அன்று அந்தக் கோச்சியிலும் அதைச் சுற்றியும் 1,700 பேருக்கு மேல் இறந்தார்கள். உலகில் நடந்த புகையிரத அனர்த்தங்களில் அதுவே மிகப் பெரியது. எஞ்சின் மீட்கப்பட்டுத் திருத்தப்பட்டு மீண்டும் ஓடியது. ஆண்டு நினைவு நாளில் பெரேலியவுக்கும் போயிற்று. நான் இதைச் சொன்னபோது பெண்கள் அமைதியானார்கள். அதே காலையில் எமது அம்பாறைக் கரையில் 10,000க்கு மேற்பட்டோர் போனார்கள். எங்களோடு வந்தவர்களில் இருவர் அன்று பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர்கள். “இரும்பெண்டாலும் திருத்தித்தானே ஓட்டியிருக்காங்க” என்றார் அவர்களில் ஒருவர்.

எங்கள் அடுப்புக்கும் வள்ளத்துக்கும்

எண்ணெய்க் கோச்சி கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக் களஞ்சியத்துக்கு எரிபொருள் கொண்டுவருகிறது. அதற்கப்பால் எமது கரைக்குத் தண்டவாளம் இல்லாததால் பவுசரில்தான் எண்ணெய் வரவேண்டும். வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வேண்டும். சாகாமத்தில் உழவு இயந்திரத்துக்கு டீசல் வேண்டும். 2022இல் கான்களை வரிசையில் வைத்துவிட்டு இரவு பகலாக நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். அந்த ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதன்பின் பல வள்ளங்கள் கரையில் கிடந்தன. மீன் வாங்கிக் கருவாடு போடும் பெண்களின் கையும் சும்மா கிடந்தது. ஒரு கோச்சி வருவதற்கும் ஒரு வீட்டில் உலை வைப்பதற்கும் உள்ள தொடர்பை அன்று பாலத்தில் நின்று நாங்கள் கணக்குப் பார்த்தோம்.

இந்தப் பாதைக்கு இன்னொரு துயரமும் உண்டு. காடு வழியே போவதால் யானைகள் மோதுண்டு சாகின்றன. 2024 ஒக்டோபரில் மின்னேரியாப் பகுதியில் எண்ணெய்க் கோச்சி யானைக் கூட்டத்தில் மோதித் தடம் புரண்டது. 2025 பெப்ரவரியில் ஹபரணைப் பகுதியில் பயணிகள் வண்டி மோதி ஆறு யானைகள் இறந்தன. எமது வயலுக்குள் யானை வந்தால் நாம் திட்டுகிறோம். ஆனாலும் குட்டிகளோடு செத்துக் கிடந்ததைச் செய்தியில் பார்த்த எவரும் திட்டவில்லை.

பெண் ஓட்டினால்?

“பொம்புளைகள் இத ஓட்டுவாங்களா?” என்று கேட்டவருக்கு நான் சுரேகா யாதவைப் பற்றிச் சொன்னேன். இந்தியாவின் மகாராஷ்டிரா மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண் அவர். 1989இல் உதவிச் சாரதியானார். 1996இல் சரக்கு வண்டிச் சாரதியாக உயர்ந்தார். பயணிகள் வண்டிகளும் மலைப்பாதை வண்டிகளும் அதன்பிறகே வந்தன. ஆசியாவின் முதற் பெண் புகையிரதச் சாரதி என்று அறியப்பட்ட அவர் 2025 செப்டெம்பரில் ஓய்வு பெற்றார். இதைக் கேட்ட அக்கா ஏஎல் எழுதப்போகும் தன் மகளுக்கு அந்த இடத்திலேயே தொலைபேசி எடுத்து, “கோச்சி ஓட்டப் போறியாடி?” என்று கேட்டார். மகள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. தாய் நீண்டநேரம் சிரித்தார்.

வாசகிகளே, நீங்களும் ஒருமுறை போகலாம். செலவு அதிகமில்லை. மட்டக்களப்பிலிருந்து மூன்றாம் வகுப்புச் சீட்டு பஸ்ஸை விடக் குறைவாகவே இருக்கும். மாரிக்காலத்தில் வெள்ளத்தால் பாதை தடைப்படுவதுண்டு. ஆகவே போகுமுன் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்தில் நடப்பது ஆபத்து, சட்டப்படி குற்றமும் ஆகும். படம் எடுப்பதற்காகப் பாதைக்குக் கிட்டப் போய் உயிரிழந்த இளைஞர்கள் பலர். வீதியிலோ மேடையிலோ நின்று பாருங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். தனியாகப் போகத் தயக்கமென்றால் நாலுபேராகச் சேர்ந்து போங்கள்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாகப் பொத்துவில் வரை பாதையை நீட்ட வேண்டும் என்பது எமது மக்களின் நீண்டகாலக் கோரிக்கை. தேர்தல் காலங்களில் அது மேடைகளில் பேசப்படும். அதைப் பேசுபவர்கள் ஆண்களாகவே இருக்கிறார்கள். மீனும் நெல்லும் கைவினைப் பொருளும் விற்கும் பெண்களுக்கும் அதில் பங்குண்டு. கோச்சியைக் கண்டு வந்த எமது குழு, இம்முறை பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கும் கோரிக்கைப் பட்டியலில் குடிநீர், வீதி விளக்கு ஆகியவற்றுக்குக் கீழே தண்டவாளத்தையும் எழுதியிருக்கிறது. அந்த வரியைத் தன் கையால் எழுதியவர், பாலத்தில் கமராவை உயர்த்தப் பயந்த அந்தத் தங்கச்சிதான்.