அடை கிடக்கும் பேடு

வீட்டுக் கோழிகளுள் ஒன்று அடைக்குக் கிடக்கத் தொடங்கிவிட்டால், வீட்டிலுள்ளோர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். முட்டை நின்றுவிட்டதே என்று முகஞ்சுளிப்போர் ஒரு சாரார். குஞ்சு வரப்போகின்றதே என்று மகிழ்வோர் மறு சாரார். நாம் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவர்கள். அதற்குரிய காரணங்களை வாசக நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

அடைக்கு ஆயத்தமாகும் பேட்டை அறிவது எளிது. அது கூட்டைவிட்டு எழும்பாது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். குரல் தாழ்ந்து, குறுகுறுவென்று ஒலிக்கும். வயிற்றடி இறகு உதிர்ந்து, தோலின் சூடு நேரே முட்டையிற் படத்தக்கதாய் அமையும். பேட்டின் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி சுரக்கும் புறோலக்ரின் என்னும் பொருளே இம் மாற்றங்களுக்குப் பெருங்காரணமாகும். இருண்ட ஒதுக்கிடமும், கூட்டிற் சேர்ந்து கிடக்கும் முட்டைகளின் தொடுகையும் அச்சுரப்பைத் தூண்டுகின்றன. ஆகவேதான் நாள்தோறும் முட்டையை எடுத்துவிடும் வீட்டில் அடை தாமதமாகின்றது. சில முட்டைகளை விட்டுவைக்கும் வீட்டில் விரைந்து வருகின்றது.

எங்கள் அப்பாச்சி அடை வைப்பதைப் பார்த்தே நாம் இக்கலையைப் பயின்றோம். பழைய கடகத்தில் மணல் பரப்பி, அதன்மேல் வைக்கோலிட்டு, ஒற்றை எண்ணாகப் பதினொன்று அல்லது பதின்மூன்று முட்டைகளை அடுக்குவார். ஓரத்தில் ஓர் இரும்புத் துண்டையும் செருகிவிடுவார்.

"இரும்பு ஏன் அப்பாச்சி?" என்று கேட்டால், "இடி முழங்கினால் முட்டை கூழாய்ப் போயிடும் பிள்ளை" என்பார்.

இரும்பு முட்டையைக் காக்கும் என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் அவர் செய்த ஏனையவெல்லாம் இன்றைய அறிவுக்கு இசைந்தவை. பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை அடைக்கு வையார். பேட்டை இருள் சூழும் வேளையிலேயே புதுக் கூட்டில் இருத்துவார். பகலில் இருத்தினால் அது பழைய இடத்தை நாடி ஓடும். ஏழாம் இரவு விளக்கொளியில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்து, நரம்போடாத தெளிந்த முட்டைகளை விலக்கிவிடுவார். நாளுக்கு ஒருமுறை பேடு இறங்கி, தின்று, குடித்து, சாம்பலிற் குளித்து மீள விடுவார். இயலுமாயின் இரண்டு பேடுகளை ஒரே நாளில் அடை வைப்பார். கூழ்முட்டை மிகுந்தால் இரு கூட்டுக் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் ஒப்படைக்கலாமன்றோ!

இருபத்தொரு நாள்! அந்நாள்களில் பேடு முட்டைகளை நாள்தோறும் பலமுறை புரட்டுகின்றது. ஓரத்து முட்டையை நடுவிற்கும், நடுவிலுள்ளதை ஓரத்திற்கும் நகர்த்துகின்றது. பொரிப்பதற்கு முன்னரே ஓட்டினுள்ளிருந்து குஞ்சு கீச்சிடும். தாயும் மெல்லிய குரலில் மறுமொழி கூறும். மின்சாரமும் வேண்டாது, வெப்பமானியும் வேண்டாது, பொரித்த பின்னரும் கடமையைக் கைவிடாது இரண்டு மாதம் வரை குஞ்சுகளைக் காத்துநிற்கும் பொறி வேறெங்குண்டு?

அங்ஙனமாயின் எல்லாக் கோழிகளும் அடை கிடவாதது ஏன் என்ற வினா எழுகின்றது. வீட்டுக் கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. காட்டில் அடை கிடவாத பேட்டின் வழி அத்துடன் அற்றுவிடும். நம் நாட்டின் தேசியப் பறவையாகிய இலங்கைக் காட்டுக்கோழியும் இரண்டு முதல் நான்கு முட்டைகளையே இட்டு அடை கிடக்கின்றது. மனிதர் பொரிபொறியை அமைத்த பின்னர் நிலைமை மாறிற்று. அடை கிடக்கும் காலத்தில் பேடு முட்டை இடாது. ஆகவே, பண்ணையாளர் அடை கிடவாத பேடுகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். இத்தாலிய வழிவந்த வெள்ளை லெக்கோன் அவ்வாறு உருவானதே. நன்கு பேணப்படும் அவ்வினப் பேடு ஆண்டுக்கு 250 முட்டைக்கு மேலும் இடும். நம் ஊர்க்கோழியோ பெரும்பாலும் நூற்றுக்கு உட்பட்டே இடும்.

இக்கணக்கை மறுப்பாரில்லை. ஆனால் மற்றொரு கணக்கும் உண்டு. இன்றுள்ள பேடு மூத்துவிட்டால், அதன் இடத்திற்கு வருவது எது?

எங்கள் ஒழுங்கையில் வாழும் மாமியொருவர், கணவரை இழந்தபின் முட்டை விற்றே மகளைப் படிப்பித்தவர். அவரிடம் கடையில் வாங்கிய ஐம்பது முட்டைக் கோழிகள் இருந்தன. 2021 ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் நாட்டிற் சோள விளைச்சல் குன்றியது. 2022 ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி அருகியது. தீவனம் கைக்கெட்டாத விலைக்கு ஏறிற்று. 2023 இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை தருவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. மாமி கோழிகளை ஒவ்வொன்றாக இறைச்சிக்கு விற்றார். கூடு வெறுமையாயிற்று, புதுக் குஞ்சு வாங்கவும் வழியில்லை. மகளுக்கோ பல்கலைக்கழகத்தில் இன்னும் ஓராண்டு மிஞ்சியிருந்தது.

அந்நாளில் எங்கள் முற்றத்திலிருந்து மூன்று ஊர்ப் பேடுகளையும் ஒரு சேவலையும் அவரிடம் கொடுத்தோம். "இது எத்தனை முட்டை போடப்போகுது தம்பி?" என்று மாமி சலித்துக்கொண்டார். எனினும் அடுத்த ஆண்டு அவர் முற்றத்தில் இருபதுக்கு மேற்பட்ட கோழிகள் கிளறித் திரிந்தன. கறையானும், குறுணல் அரிசியும், சோற்று மிச்சமுமே அவற்றின் உணவு. முட்டை முன்போல் மிகவில்லை, செலவும் மிகவில்லை. மகள் படிப்பை முடித்துவிட்டாள்.

இதனால் லெக்கோனை ஒதுக்கிவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. இரண்டையும் சேர்த்து வைப்பதே குடும்பத்திற்குத் தக்கது. பத்துப் பேடு வளர்ப்போர் மூன்றை அடைக்கென்றே ஊரினத்தில் வைத்திருக்கலாம். ஏனையவை முட்டைக்குரியனவாக இருக்கட்டும். றோட் ஐலன்ட் றெட் முட்டைக்கும் இறைச்சிக்கும் உதவும். அதில் சில பேடுகளே அடை கிடக்கும். சசெக்ஸ் இனம் அதனினும் விருப்புடன் கிடக்கும். கொச்சின், சில்கி ஆகியவை அடையில் மிகப் பிடிவாதமானவை. ஆயின் முட்டை குறைவு. ஊர்ப் பேட்டின் கீழ் லெக்கோன் முட்டையை வைத்தாலும் தன்னுடையதென்றே அது பொரித்து வளர்க்கும். கலப்பிற் பிறக்கும் பேடுகளுள் சில அடை கிடக்கும், சில கிடவா. நன்றாய்க் கிடந்து, குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடாது காத்த தாயின் முட்டைகளையே மறுமுறை அடைக்குத் தெரிதல் வேண்டும். இரண்டாண்டுக்கு ஒருமுறை சேவலை அயலூரிலிருந்து மாற்றிக்கொண்டால் உறவுக் கலப்பினால் வரும் நலிவு குறையும். தாயின் காவலும் இராணிக்கெற் நோயைத் தடுக்கமாட்டாது. அதற்குரிய தடுப்பு மருந்தைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரித்துக் கொடுத்தல் அவசியம்.

குஞ்சு வேண்டாதவர்கள் அடைக்கோழியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தும் கொடுமையை விட்டுவிட வேண்டும். காற்றோட்டமான, கம்பித் தளமுள்ள கூட்டில் உணவும் நீரும் வைத்துச் சில நாள் விட்டாற் போதும். வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளிந்துவிடும். ஆயினும் அதைச் செய்யுமுன் அயல் வீட்டில் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். உங்களுக்கு வேண்டாத அடைக்கோழி, வெறுங்கூட்டைப் பார்த்திருக்கும் ஒரு குடும்பத்திற்கு வேண்டியதாயிருக்கலாம்.