ஆள் உயர அலையைச் சொல்லத் தெரிந்தவர்கள்

வானொலியில் பெயர் எடுக்கக் குரல் வளம் போதும் என்று பலரும் நம்புகிறார்கள். அது போதாது என்பதைப் பாம்பனில் கண்ணால் பார்த்தேன். மீனவர்களுக்காக 2016இல் தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ 90.4 பண்பலை இயங்குவது அங்கேதான்.

ஒலிப்பதிவு அறை சிறியது. அறிவிப்பாளர் மைக்குக்கு நேராக உட்காராமல், ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். நேராகப் பேசினால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மைக்கில் மோதி வெடிக்கும். தாள்களையும் அடுக்கி வைக்காமல் தனித்தனியாகப் பரப்பியிருந்தார். புரட்டினால் சரசரப்பு கேட்குமே!

அன்று கையில் இருந்தது வானிலை அறிக்கை. ‘சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும்’ என்ற வழக்கமான நடை. அலை உயரம் இரண்டரை மீட்டர் வரை. அந்த எண்களை அவர் விட்டுவிடவில்லை. ஒருமுறை நிதானமாகப் படித்தார். பிறகு, அலை ஆள் உயரத்துக்கு மேல் எழும்பும், வல்லத்தைக் கடலில் இறக்காதீர்கள், கரையில் கிடக்கும் வலைகளை மேலே ஏற்றி வையுங்கள் என்று ஊர்ப் பேச்சில் சொன்னார். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் வேறுபாடு தெரியாதவரால் இப்படிச் சொல்ல முடியாது.

இந்தக் கடற்கரைக்கு நல்ல அறிவிப்பாளர்கள் புதியவர்கள் அல்லர். கடலுக்கு அப்பாலிருந்து வந்த இலங்கை வானொலியில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. உச்சரிப்பில் பிழை வராது, நேயரின் நேரத்தை வீணாக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையே அவர்களுக்குப் புகழ் தேடித் தந்தது.

‘கடல் ஓசை’ போன்ற சமுதாய வானொலியின் ஒலிபரப்புத் திறனுக்கு 100 வாட் என்ற வரம்பு உண்டு. சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பவும் அனுமதி இல்லை. அதனால் மீன் விலை, டீசல் மானியம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தின் வீட்டுச் செலவு, கடல்பாசி எடுக்கும் பெண்களின் பாடு என நேயரின் அன்றாடத்துக்குள்தான் போயாக வேண்டும். வேறெங்கும் கிடைக்காத பயிற்சி இது.

வருமானம் மட்டும் உழைப்புக்கு ஈடாக இல்லை. சமுதாய வானொலிகளில் பலர் சொற்பத் தொகைக்கே பேசுகிறார்கள். அகில இந்திய வானொலியில் குரல் தேர்வில் தேறி, தற்காலிக அறிவிப்பாளரானாலும் மாதத்தில் சில நாள்தான் பணி. தனியார் பண்பலை வாய்ப்புகள் பெரும்பாலும் நகரங்களில்.

அறிவிப்பாளராக விரும்பும் இளைஞர்களே, தினமும் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். யாருக்காகப் பேசப் போகிறீர்களோ, அவர்களின் தொழிலை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். நிலையம் நடத்துபவர்களுக்கும் அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: உயிர் காக்கும் எச்சரிக்கையைச் சொல்லும் குரலுக்கு உரிய ஊதியம் கொடுங்கள்.