பெரியப்பாவின் கிட்டார்

ஆண்டாப் ஹில், ஜூலை 6, ஞாயிறு

பெரியப்பா 1974-இல் வாங்கி, மாட்டுங்கா, சயான் பக்கத்துக் கல்யாணங்களிலெல்லாம் மெல்லிசைக் குழுவோடு வாசித்து, அவர் காலத்துக்குப் பின் எங்கள் பரண்மேல் பழம்புடவையில் சுற்றிக் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டாரை இன்று இறக்கினேன். இரண்டு பிக்கப்புகளில் பாலத்தை ஒட்டியது கணீரென்று பேசுகிறது. கழுத்தை ஒட்டியதோ, ஜலதோஷக்காரர் பாடுவதுபோல், மந்த்ர ஸ்தாயியே இன்றிக் கீச்சிடுகிறது. வால்யூம் குமிழுக்குள் மருந்து தெளித்துத் திருகினேன். கரகரப்பு போயிற்று, கீச்சு போகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

லாமிங்டன் ரோட்டில் ஒருவர், தந்தியை ஒரே முறை சுண்டிக் கேட்டுவிட்டு, மீட்டரைத் தொடாமலேயே, பிக்கப்பை எறிந்து புதிது போடச் சொன்னார். சுருள் செத்திருந்தால் சப்தமே வரக்கூடாதே என்ற சம்சயத்தோடு தாதர் வந்து பஸ் பிடித்தேன்.

ஜூலை 12, சனி

பகல் முழுதும் மழை. மேல்தகட்டைக் கழற்றி, சுருள்களின் முனைகளைச் சுவிட்சிலிருந்து பிரித்து மீட்டரை வைத்தேன். நல்ல சுருள் 6.1 கிலோ ஓம் காட்டிற்று. மற்றதற்கு இடதோரத்தில் ஒற்றை ‘1’ மட்டும் நின்றது. கம்பி அறுந்திருக்கிறது என்பது அதன் பாஷை. அப்படியானால் சப்தம் எப்படி? மாண்டலின் ஸ்ரீநிவாஸின் எலெக்ட்ரிக் மாண்டலினுக்கும் இதுவே தத்துவம்: எஃகுத் தந்தியின் அசைவு காந்தப் புலத்தைக் கலைக்க, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஏறக்குறைய 8,000 சுற்றுகள் நெருக்கிச் சுற்றிய சுருளில், அறுந்த இடத்தின் இருபுறமும், எனாமல் பூச்சை நடுவே வைத்துக்கொண்டு, ஒரு கெபாஸிடராகிவிடுகின்றன. தார ஸ்தாயி அதைத் தாண்டிவிடும், மந்த்ரத்தால் இயலாது.

லென்ஸில் பார்த்தால், வெளிமுனையைப் பற்றவைத்த இடத்தில் கடுகளவு பச்சைக் களிம்பு. 0.06 மில்லிமீட்டர் கம்பியைத் தின்ன பம்பாயின் உப்புக்காற்று ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டதே, பொறுமைசாலிதான். உள்முனை அறுந்திருந்தால், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கம்பியை முழுதும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றும்படி ஆகியிருக்கும். வெளிமுனையானதால் அரைச் சுற்று அவிழ்த்து, உப்புத்தாளால் எனாமலை மெல்லத் தேய்த்து, ஈயம் வைத்தேன். முதல் யத்தனத்தில் என் மூச்சுக்காற்றுப் பட்டே கம்பி விலகிற்று. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டேன். மீட்டர் 5.9 காட்டியபோது மணி பதினொன்றரை. அடுத்த வீட்டுக் குழந்தை தூங்கியிருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் ஆம்ப்ளிஃபையரைப் போட்டு ஆறாம் தந்தியைச் சுண்டினேன். மந்த்ரம் நிரம்ப வந்தது. லாமிங்டன் ரோட்டுக்காரர் சொன்னது பிசகு.