பழைய ஜீப்பும் தேய்மானக் கணக்கும்

வணிகவியல் படிக்கிற எல்லோருக்கும் தேய்மானம் தெரியும். வண்டி வாங்கினால் வருடா வருடம் அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும். குறைந்து செல் இருப்பு முறையில் ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கிய வண்டி, 26 வருடம் கழித்து புத்தகத்தில் வெறும் 1,462 ரூபாய்தான்!

போடிநாயக்கனூர்ப் பெரியவர் ஒருவரின் ஜீப்புக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஆனால் அவரிடம் போய் 1,462 என்று சொல்லிப் பாருங்கள், அடிக்க வந்துவிடுவார்!

அவருக்கு பூப்பாறை பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டைத் தாண்டிப் போக வேண்டும். கடைசி நான்கு கிலோமீட்டர் வெறும் மண் பாதை. அதற்காகவே ஒரு பழைய மஹிந்திரா டீசல் ஜீப்பை வாங்கினார். பின்னால் இருந்த பெஞ்சுகளைக் கழற்றி, இரும்புத் தளம் போட்டு, பிக்கப் ஆக்கிக்கொண்டார்.

அந்த வண்டியில் கியர் கம்பியோடு சேர்த்து மூன்று கம்பிகள். ஒன்றைத் தள்ளினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும். இன்னொன்று லோ கியர். சேற்றில் மாட்டினால் இரண்டையும் போடுவார். எருமை மாதிரி மெல்ல மெல்ல ஏறி வந்துவிடும். இறக்கத்திலும் அதே லோ கியர்தான். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது. காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அந்த நேரத்தில் ஒரு டீ குடித்துவிடலாம் என்பார்.

ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அத்தனை பச்சைக் காயையும் தோட்டத்திலிருந்து ஸ்டோருக்கு இழுத்தது அந்த வண்டிதான். ஒரு மழை இரவில், பிரசவ வலியில் துடித்த தொழிலாளிப் பெண்ணை பின்னால் மெத்தை விரித்துப் படுக்க வைத்து, 17 வளைவும் இறங்கி போடி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் அதுதான். "அண்ணே, மெதுவா... மெதுவா..." என்று அவள் புருஷன் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தானாம். தாயும் பிள்ளையும் நலம்.

2018 ஆகஸ்ட் பெருமழையில் இடுக்கி மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. லயத்தில் மாட்டிக்கொண்ட ஏழு குடும்பங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போக வேறெந்த வண்டியும் துணியவில்லை. இது போனது. அந்த மழையில் செடிகள் நிறைய அழிந்ததால், 2019-இல் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை தொட்டது. "இப்பவாவது புது வண்டி வாங்குங்களேன்" என்றார் மனைவி. பெரியவர் பழைய ஜீப்புக்கு என்ஜின் வேலை பார்த்து, நான்கு டயரும் மாற்றினார்!

ஆனால் வயது யாரை விட்டது? 2022 ஏப்ரலில், 15 வருடத்தைத் தாண்டிய கார், ஜீப்புகளின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. அதைக்கூடக் கட்டியிருப்பார். முழங்கால்தான் கிளட்ச்சை மிதிக்க மறுத்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் பையன் ஒருவன் வந்தான். 1,90,000 ரூபாய் கொடுத்தான். புத்தக மதிப்பைப் போல நூறு மடங்குக்கும் மேல்! பெரியவர் பணத்தை எண்ணவில்லை. "தம்பி, எறக்கத்துல லோ கியரை மட்டும் மறந்துடாத" என்றார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். வண்டி தெருமுனை திரும்புகிற வரை வெளியே வரவே இல்லை.

கணக்கியலில் பண மதிப்பீட்டுக் கருத்து என்று ஒன்று உண்டு. பணத்தால் அளக்க முடிந்ததை மட்டும்தான் ஏட்டில் எழுத வேண்டும். சரியான விதிதான், தேர்வில் கேட்டால் அப்படியே எழுதுங்கள். ஆனால் அந்த மழை இரவை எந்தப் பக்கத்தில் எழுதுவது, பற்றிலா, வரவிலா?

உங்கள் வீட்டு வாசலிலும் ஏதாவது ஒரு பழைய வண்டி நிற்கிறதா? விலை பேசுவதற்கு முன்னால், அதை ஓட்டியவரிடம் ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பாருங்களேன்...