கண் திறந்து வரைந்த படம்

மணலில் ஒரு பெண் குப்புற விழுந்து கிடக்கிறார். கைகள் இரண்டும் விரிந்து, உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்கின்றன. படத்தின் ஓரத்தில், இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் வெட்டுப்பட்டுப் போயிருக்கும் இடத்தில், இன்னொரு கை. ஊதிப்போன கை. அது உயிரோடிருப்பவரின் கை இல்லை என்று புரிய ஒரு நொடி ஆகிறது. எனக்கு அந்த ஒரு நொடிதான் இந்தப் படம்.

2004 டிசம்பர் 28, கடலூர். சுனாமி வந்த இரண்டாம் நாள், ராய்ட்டர்ஸுக்காக ஆர்கோ தத்தா எடுத்தது. அந்த ஆண்டின் சிறந்த படமாக வேர்ல்டு பிரஸ் போட்டோ இதைத் தேர்ந்தெடுத்தது. அப்போது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். கோயம்புத்தூர்க்காரனுக்குக் கடல் என்பது லீவில் போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒன்று. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் நொய்யலும் சிறுவாணியும்தான், அதில் ஒன்று பாதி நாள் வறண்டு கிடக்கும். கடல் எழுந்து வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போனது என்பதை டிவி எத்தனை முறை காட்டியும் மனசுக்குள் இறக்கிக்கொள்ள முடியவில்லை. அந்தக் கையைப் பார்த்தபோது இறங்கியது.

இறந்தவரின் முகத்தைக் காட்டியிருந்தால் அன்றைக்குப் பார்த்த நூறு பிண முகங்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். முகம் இல்லாததால் அந்த இடத்தில் நமக்குத் தெரிந்த ஒரு முகத்தை வைத்துவிடுகிறோம். வைக்கணும்னு நினைத்து வைப்பதில்லை, தானாக நடக்கிறது.

இதே ஆர்கோ தத்தா அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடுத்த இன்னொரு படமும் உங்களுக்குத் தெரியும். 2002, அகமதாபாத். கலவரத்தின் நடுவே கைகூப்பி, கண் கலங்கி உயிர்ப்பிச்சை கேட்கும் ஒரு தையல்காரர். அங்கே முகம்தான் எல்லாம். அந்த முகம் உலகத்தின் எல்லாப் பத்திரிகைக்கும் போனது, கட்சிப் பிரசாரத்துக்கும் போனது. ஆனால் அந்த முகத்தோடு அவர் தினமும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. போகும் இடமெல்லாம் அடையாளம் கண்டுகொண்டார்கள். வேலை போனது, கொல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார், திரும்பி வந்தார். என் படத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். நாம் பார்த்தது ஒரு நொடி. அவர் அந்த நொடிக்குள்ளேயே வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தார்.

இரண்டுமே பெரிய படங்கள்தான். ஆனால் மறக்க முடியாத படம் என்று நாம் சொல்லும்போது மறக்க முடியாமல் தவிப்பது யார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

படத்தால் தவித்தவர் உண்டு என்றால், படத்தால் ஜெயித்தவரும் உண்டு. எங்கள் அமுச்சி வீடு அவிநாசிக்குப் பக்கத்தில். அந்த வீட்டுச் சுவரில் முருகனுக்கும் லட்சுமிக்கும் பக்கத்தில் எம்.ஜி.ஆர். இருந்தார். கொங்குப் பக்கத்துக் கிராமத்தில் இது அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அமுச்சி சொல்லும் எம்.ஜி.ஆர். சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவர் இல்லை, கழுத்தில் கட்டோடு இருந்தவர்.

1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். பரங்கிமலை வேட்பாளரான எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசவேண்டிய ஆளுக்குப் பேச முடியவில்லை. அவருக்குப் பதிலாகப் படம் போனது. கழுத்தைச் சுற்றிக் கட்டுப்போட்ட எம்.ஜி.ஆர்., சுவரொட்டியாகத் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டார். அவர் ஜெயித்தார், தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அந்தத் தேர்தலில் அரிசி இருந்தது, இந்தி இருந்தது, காங்கிரஸ் மீதான சலிப்பு இருந்தது. ஒரே ஒரு படத்தால் ஆட்சி மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அமுச்சியிடம் கேட்டால் வேறு காரணமே கிடையாது.

"கழுத்துல கட்டோட அப்படி இருக்கறதப் பாத்துப்போட்டு வேற ஆளுக்கு எப்படி கண்ணு போடறது?"

சினிமாவில் எத்தனை பேர் அடித்தாலும் விழாதவர், நிஜத்தில் அடிபட்டுக் கிடக்கிறார். அந்தப் படத்தில் இல்லாதது அவருடைய குரல். அந்தக் குரல் பிறகு பழையபடி திரும்பவே இல்லை. குரல் இருக்க வேண்டிய இடத்தில் அமுச்சி மாதிரி லட்சக்கணக்கானவர்கள் தங்கள் பேச்சை வைத்துக்கொண்டார்கள். கடலூர்க் கை எனக்குச் செய்ததைக் கழுத்துக்கட்டு அமுச்சிக்குச் செய்திருக்கிறது.

அப்படியானால் நல்ல படம் என்பது எதையாவது விட்டுவைக்கும் படம் என்று சொல்லிவிடலாமா? ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முடிவில் நிம்மதியாக இருக்க விடாதவை வில்லோபி வாலஸ் ஹூப்பரின் படங்கள்.

உங்கள் வாட்ஸ்அப்பிலும் அவை வந்திருக்கும். தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடுகள். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். மடியில் குழந்தைகள். பெரும்பாலும் '1943 வங்கப் பஞ்சம்' என்ற தலைப்போடு சுற்றுகின்றன. வங்கப் பஞ்சத்தைப் படமெடுத்தவர்கள் வேறு, சுனில் ஜானா போன்றவர்கள். இவை அதற்கும் 60 வருஷத்துக்கு மேல் முந்தையவை. 1876 முதல் 1878 வரை நீடித்த சென்னை மாகாணப் பஞ்சம். கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்கள் அதில் மோசமாக அடிபட்டவை. மாண்டவர்கள் அரைக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, என்று ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்ட பஞ்சம் இதுதான்.

ஹூப்பர் மெட்ராஸ் குதிரைப்படையில் அதிகாரி. அன்றைய கண்ணாடித் தகட்டுக் கேமராவுக்கு முன்னால் ஆட்கள் அசையக் கூடாது. சாகக் கிடப்பவர்களை உயரவாரியாக, குழுவாக உட்கார வைத்து, ஆடாமல் இருக்கச் சொல்லி எடுத்திருக்கிறார். 1886-ல் மாண்டலேயில் மரண தண்டனை நிறைவேற்றும் நேரத்தில் கேமராவோடு நின்றதற்காக இதே ஹூப்பர் மீது விசாரணை நடந்து, அவர் கண்டிக்கப்பட்டார். குண்டு பாயும் கணத்தைத் தகட்டில் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

1993-ல் சூடானில் குழந்தையையும் கழுகையும் படமெடுத்த கெவின் கார்ட்டரிடம் உலகம் கேட்டது: அப்புறம் அந்தக் குழந்தையை என்ன செய்தீர்கள்? ஹூப்பரின் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அதைவிடச் சின்னக் கேள்வி ஒன்று வருகிறது. இவர்கள் பெயர் என்ன? எந்த ஊர்? ஒருவேளை அன்னூரா, தாராபுரமா? இங்கேயும் ஏதோ ஒன்று சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறது. கடலூரில் விட்டது மரியாதை. இங்கே விட்டது அலட்சியம். வெளியே விடப்பட்டது எது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, எதற்காக விட்டார்கள் என்றும் பார்க்கணும்.

எங்கள் பக்கம் அந்தப் பஞ்சத்துக்கு இன்னும் பெயர் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சம். அவசர அவசரமாக அள்ளிச் சாப்பிட்டால் அமுச்சி திட்டுவார்: "தாது வருசத்துல பொறந்தவனாட்டத் திங்காத, மெதுவாத் தின்னு." அந்தப் படங்களை அவர் பார்த்ததே இல்லை. படத்தில் இருந்தவர்களின் பெயர் ஆல்பத்தில் நிற்கவில்லை. ஆனால் அந்த வருஷத்தின் பெயர் ஐந்தாறு தலைமுறை தாண்டி ஒரு திட்டில் நின்றிருக்கிறது.

அமுச்சி வீட்டுச் சுவரில் எம்.ஜி.ஆருக்குப் பக்கத்தில் இன்னொரு படம் உண்டு. அமுச்சியின் அம்மா. உயிரோடு இருந்தவரை அவரை யாரும் படம் எடுக்கவில்லை. செத்த அன்றைக்குத்தான் ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்கத் துணியால் கட்டி, மாலை போட்டு எடுத்தது. பிறகு ஸ்டுடியோவில் மூடிய கண்ணைத் திறந்த மாதிரி வரைந்து கொடுத்தார்கள். வரைந்த இரண்டு கண்ணும் ஒரே திசையைப் பார்க்காது. சின்ன வயசில் அந்த அறையில் தனியாகப் படுக்க மாட்டேன்.

போன வருஷம் மாமா பையன் ஒருவன் அந்தப் படத்தைச் செல்போனில் எடுத்து ஒரு ஆப்பில் போட்டான். பாட்டி கண் சிமிட்டினார், கழுத்தை லேசாகத் திருப்பினார், பல் தெரியச் சிரித்தார். குடும்ப குரூப்பில் ஒரே இதயமாகக் கொட்டியது. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன், அது என்ன செய்கிறது என்று ஓரளவு தெரியும். அதற்கு அந்தப் பாட்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. கோடிக்கணக்கான முகங்களில் கற்ற சிரிப்பை எடுத்து இந்த முகத்தில் பொருத்துகிறது. ஸ்டுடியோக்காரர் செய்ததும் அதேதானே என்று மாமா பையன் கேட்டான். நியாயமான கேள்வி. என்னிடம் இருக்கும் பதில் ஒன்றுதான்: அவர் அந்த வீட்டுக்கு வந்து, அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே நின்று, அந்த முகத்தை நேரில் பார்த்திருந்தார். வரைந்த கண் கோணலாக இருந்ததால் அது வரைந்த கண் என்று எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது.

அமுச்சி அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கம்மா சிரிக்கறப்ப வாயப் பொத்திக்குவா கண்ணு."

அறுபது வருஷமாகச் சுவரில் இருக்கும் படத்திலும் அது இல்லை, ஆப்பிலும் இல்லை. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. அந்தப் பாட்டியின் பெயரே பேரன் பேத்திகளில் யாருக்கும் தெரியவில்லை. கேட்டேன், சொன்னார். பிறந்த ஊரையும் சொன்னார்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்க அட்டையில் இரண்டையும் பென்சிலால் எழுதினேன். அதற்குக் கீழே, சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார் என்றும்.