முதலில் வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டு வாருங்கள்

வங்குரோத்து விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். 2016 ஏப்ரலுக்குப் பிறகு இங்கிலாந்தில் யாரும் தன்னை வங்குரோத்தானவர் என்று அறிவிக்கச் சொல்லி நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. 680 பவுண் கட்டிக் கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்பினால் உத்தரவு வந்துவிடும். "இதுக்கு ஏன் அண்ணை ஒரு ஆலோசகர்? பொடியன் போனிலேயே நிரப்பிப்போடுவான்" என்று எங்கள் ஊர்ச்சங்கத்தில் ஒருவர் என்னிடமே கேட்டார். கிழக்கு லண்டனில் கடன் ஆலோசனை மேசையிலேயே என் வேலைக்காலம் கழிந்தது. ஓய்வு பெறப்போகிறேன் என்று சொன்ன நாளில் வந்த அந்தக் கேள்வி என்னை நோகப்பண்ணியது.

பொடியன் நிரப்புவான். ஆனால் நிரப்பிய பிறகு அந்தக் குடும்பம் எந்தக் கூரையின் கீழ் படுக்கும் என்று படிவம் அவனுக்குச் சொல்லாது.

"சொந்த வீடு இருக்கிறவர்தான் வங்குரோத்துக்குப் பயப்பட வேண்டும், வாடகை வீட்டில் இருப்பவருக்குப் போக ஒன்றுமில்லை" என்று எங்கள் சனங்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி சரி. 1986 ஆம் ஆண்டு வங்குரோத்துச் சட்டத்தின் 283 ஆம் பிரிவில் 1988 இல் ஒரு திருத்தம் சேர்ந்தது. அதன்படி கவுன்சில் வீடும், ஹவுசிங் அசோசியேஷன் வீடும், சாதாரணத் தனியார் வாடகையும், வங்குரோத்தானவரின் சொத்தைப் பொறுப்பேற்கும் அரச அதிகாரியான ஒஃபிஷியல் ரிசீவரின் கைக்குப் போவதில்லை. உத்தரவு வந்த மறுநாளும் அந்த வாடகையுரிமை உங்களுடையதுதான். மிச்சப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அங்கே வாடகை பாக்கி இருக்கிறது.

பாக்கி ஒரு கடன். மற்றக் கடன்களைப் போல அதுவும் வங்குரோத்துக்குள் போகும். அந்தப் பணத்துக்காக வீட்டுக்காரர் உங்கள் மேல் பணத்தீர்ப்பு வாங்க முடியாது. இதைக் கேட்டவுடன் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். ஆனால் வீட்டுக்காரர் பணத்தைக் கேட்காமல் வீட்டைக் கேட்டால்? இந்தக் கேள்விக்குப் பல வருடங்களாக ஒவ்வொரு கவுண்டி நீதிமன்றத்திலும் ஒவ்வொரு விதமாக நடந்தது. சில நீதிபதிகள் வழக்கை நிறுத்தினார்கள், சிலர் வீட்டைக் கொடுத்தார்கள். 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வழக்குகளைச் சேர்த்துக் கேட்டது. ஒரு வாடகையாளர் வங்குரோத்தானவர், மற்றவர் வங்குரோத்துக்குப் பதிலாகச் சிறிய கடன்காரருக்குக் கிடைக்கும் கடன் நிவாரண உத்தரவு பெற்றவர். வீட்டைத் திருப்பி எடுப்பது கடனை வசூலிக்கும் வழி அல்ல, வீட்டுக்காரர் தன் சொத்தைத் தன் கைக்கு எடுப்பதுதான் என்று தீர்ப்பு வந்தது. வங்குரோத்து அதைத் தடுக்காது. பாக்கியும் பாக்கிதான். 1988 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் எட்டாம் காரணம், குறிப்பிட்ட மாதங்களின் வாடகை பாக்கியிருந்தால் நீதிபதி வீட்டைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அந்தக் கணக்குப் பார்க்கும்போது இந்தப் பாக்கியையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

இதற்குள் இன்னொரு முடிச்சு இருக்கிறது. பாக்கி வழக்குகளில் நீதிபதியின் கையில் உள்ள பெரிய கருணை, நிறுத்திவைத்த உத்தரவு. வாரம் இவ்வளவு பாக்கியில் கட்டு, வீட்டில் இரு என்பார். கவுன்சில் வாடகையாளருக்கு அது உயிர் மாதிரி. ஆனால் பாக்கி வங்குரோத்துக்குள் போய்விட்டால் அதைக் கட்டச் சொல்லி நிபந்தனை போட நீதிபதிக்கு முடியாது. கடனிலிருந்து காப்பாற்றப் போட்ட உத்தரவே வீட்டைக் காப்பாற்றும் வழியொன்றை அடைத்துவிடுகிறது. சட்டம் படித்தவர்களுக்கே இதை விளங்கப்படுத்தக் கஷ்டப்பட்டிருக்கிறேன். எட்டாம் காரணத்துக்கும், நீதிபதி நியாயம் பார்க்கக்கூடிய பத்தாம், பதினோராம் காரணங்களுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஒருவர் மனிதர்களை வங்குரோத்துக்கு அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என்னைப் பழக்கியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. ஆலோசனைக்கு வரமுதல் ஒரு கவுன்சிலில் வாடகை வசூல் பகுதியில் இருந்தவர், அதனால் எதிர்ப்பக்கம் எப்படி யோசிக்கும் என்று அவருக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தம் மேசைக்கு வரும்வரை வங்கிக் கணக்கைத் தொடவே விடமாட்டார். வீட்டுக்காரர் யார்? அதே வீட்டில் அவரும் இருக்கிறாரா? கையெழுத்து எத்தனை? வங்குரோத்தானால் வீட்டை எடுப்பேன் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போவார். நான் அவசரப்பட்டால் ஒப்பந்தத்தை மூடி என் பக்கம் தள்ளி, திரும்ப முதல் பக்கத்திலிருந்து வாசிக்கச் சொல்லுவார். அப்போது கோபம் வரும். பிறகு நான் பழக்கியவர்களிடமும் அதையே செய்தேன்.

அந்த நான்கு கேள்விகளில் எதுவும் வீண் இல்லை. வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் அறை எடுத்து இருப்பவருக்கு 283 ஆம் பிரிவும் உதவாது, 1988 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டமும் உதவாது. புதிதாக வந்த எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபோர்டிலும் அப்படி இருக்கிறார்கள்! மற்றவர்களின் சாதாரண வாடகை ஒப்பந்தத்தில் வங்குரோத்து நிபந்தனை இருந்தாலும் வீட்டுக்காரர் தானாகப் பூட்டை மாற்ற முடியாது. பன்னிரண்டாம் காரணம் சொல்லி நீதிமன்றம் போக வேண்டும். அங்கே நீதிபதி நியாயம் பார்ப்பார். இது தெரியாமல் ஒரு கடிதத்தைக் கண்டவுடன் பெட்டி கட்டியவர்கள் உண்டு.

கையெழுத்து விஷயம்தான் எங்கள் சனத்தை அதிகம் சுடுகிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த வீட்டில் கணவன் வங்குரோத்தானால் முழுப் பாக்கியும் மனைவியின் தலையில் நிற்கும். உத்தரவாதக் கையெழுத்துப் போட்ட மச்சானை வங்குரோத்து விடுவிக்காது. கடன் வாங்கியவர் தப்புவார், கையெழுத்துப் போட்டவரிடம் பெய்லிஃப் வருவார். சீட்டுக்காசை ஒளித்துவைத்து, விண்ணப்பத்துக்கு முன் அதை மட்டும் சொந்தக்காரருக்குக் கட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. கடந்த இரண்டு வருடங்களில் நெருங்கிய உறவுக்கு முந்திக் கொடுத்த பணத்தை ரிசீவர் திருப்பிக் கேட்கலாம். அது குடும்பச் சண்டையில் போய் முடியும்.

இன்னொன்று, இணையத்தில் கடன் ஆலோசனை சொல்லும் வீடியோக்களில் யாரும் சொல்லாதது. உத்தரவு வந்தவுடன் வங்கி கணக்கை முடக்கும். வாடகைக்குப் போட்ட ஸ்டாண்டிங் ஓர்டர் போகாது. அதில் உண்டாகும் பாக்கி வங்குரோத்துக்குப் பிந்திய பாக்கி, அதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. வேறு வங்கியில் ஒரு அடிப்படைக் கணக்கைத் திறந்து, சம்பளத்தையும் பெனிபிட்டையும் அங்கே மாற்றிவிட்டுத்தான் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும்.

ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த அம்மா ஒருவர் என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போனில் பேசிய ஒருவர் அவரை வங்குரோத்தாக்கி, "எல்லாக் கடனும் போச்சு, இனிப் பாக்கி கட்டாதையுங்கோ" என்று சொல்லியிருந்தார். அவரும் ஒழுங்காகக் கட்டிவந்த பாக்கித் தவணையை நிறுத்திவிட்டார். கடன் அட்டைகள் போயின. வீட்டுக்காரர் எட்டாம் காரணத்தில் வீட்டைக் கேட்டார். விண்ணப்பத்துக்கு முன் ஒரு தடவை ஹவுசிங் ஒஃபிசரோடு பேசி, பாக்கியை அப்போதைய எல்லையான இரண்டு மாதத்துக்குக் கீழே கொண்டுவந்திருந்தால் அந்தக் காரணம் நின்றிருக்காது. அந்தக் காரணம் நிற்க, அந்த அளவு பாக்கி அறிவித்தல் நாளிலும் இருக்க வேண்டும், விசாரணை நாளிலும் இருக்க வேண்டும். வீடு போய், அந்த அம்மாவின் பிள்ளைகள் இரண்டு பள்ளிக்கூடம் மாறினார்கள். போனில் பேசியவர் இன்றும் அந்த வேலையில் இருக்கிறார் என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆட்களைக் கடன் திட்டங்களுக்குப் பிடித்துக் கொடுத்துத் தரகு வாங்குவதை நிதி நடத்தை ஆணையம் 2023 இல் தடைசெய்தது. நல்ல காரியம். ஆனால் அவசரம் போகவில்லை. கடன் நிவாரண உத்தரவுக்கு 2024 ஏப்ரலில் கட்டணம் போனது, ஜூனில் கடன் எல்லை 50,000 பவுணாக உயர்ந்தது. இலவசம் என்றதும் இன்னும் வேகமாகத் தள்ளுகிறார்கள். அந்த உத்தரவிலும் வாடகைப் பாக்கி இதே முடிச்சுத்தான் என்று எத்தனை பேர் சொல்லுகிறார்கள்? 2025 இல் வந்த வாடகையாளர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் தனியார் வாடகையில், காரணம் சொல்லாமல் வீட்டை எடுக்க விடும் 21 ஆம் பிரிவை எடுத்துவிடுகிறது, எட்டாம் காரணத்தின் எல்லையை மூன்று மாதமாக்குகிறது. சில பேர் தப்புவார்கள். பாக்கியை வாசிக்கத் தெரியாத ஆலோசகரிடம் போகிறவர் தப்பமாட்டார்.

2023 ஓகஸ்ட் முதல், வீட்டை எடுக்கப்போவதாக அறிவித்தல் கைக்கு வந்த நாளிலிருந்து, வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட ஆலோசனை கிடைக்கிறது. ஆனால் எங்கள் ஆட்கள் பெய்லிஃப் தேதியோடுதான் வருகிறார்கள். கடிதத்தை யார் கண்டாலும் வெட்கம் என்று அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள்.

என் இடத்துக்கு வருகிற பிள்ளை கெட்டிக்காரி. கணினியில் என்னைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் ஒப்பந்தத்தை ஸ்கேன் பண்ணிக் கோப்பில் போடுகிறார், வாசிப்பதில்லை. திரையில் அதற்குக் கேள்வி இல்லை என்கிறார். போன கிழமை அவரைப் பக்கத்தில் இருத்தி ஒரு தம்பியின் ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து வாசித்தோம். கடைசிப் பக்கத்துக்கு முதல் பக்கத்தில் உத்தரவாதக் கையெழுத்து இருந்தது, தம்பியின் சித்தப்பாவினுடையது. அவருக்கு ஹரோவில் சொந்த வீடு இருக்கிறதாம். விண்ணப்பம் தயாராகத் திரையில் இருந்தது. அனுப்புகிற பொத்தானை அழுத்தவிடாமல் நிறுத்தி, சித்தப்பாவை முதலில் கூப்பிடச் சொன்னேன்.